கதையில் நான் சாகடித்த ஆள்

மணலிக்குப் போகும் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் பதினோரு வருடமாக கேட் பாஸ் எழுதுகிறேன். எழுதுகிறேன் என்பது பழைய பேச்சு. இப்போது கம்ப்யூட்டரில் தட்டினால் சீட்டு வெளியே வந்துவிடும். துறைமுகத்திலிருந்து வரும் டிரெய்லர் என் ஜன்னலுக்கு முன்னால் நிற்கும். பெட்டி நம்பர், சீல் நம்பர், டிரைவரின் லைசென்ஸ் மூன்றையும் பார்த்துவிட்டு உள்ளே அனுப்ப வேண்டும். நாள் முழுக்க முகங்கள் அந்த ஜன்னல் உயரத்துக்குக் குனிந்து நிமிரும்.

இந்த வேலையோடு கதையும் எழுதுவேன். யார்டில் ரொம்ப நாள் யாருக்கும் அது தெரியாது. தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவருக்கு நான் செய்ததைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

அவர் டிரெய்லர் டிரைவர். ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்கு நடக்கிற தூரத்தில் வீடு. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவருடைய அப்பா, அண்ணன்கள் எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். இவருக்கு மட்டும் அலை ஒத்துக்கொள்ளவில்லை.

"படகுல ஏறினா குடலே வெளிய வந்துடும் தங்கச்சி. எங்க நைனா ரெண்டு வருசம் பாத்தாரு. அப்பால நீ தரையிலயே பொழச்சிக்கடான்னு அனுப்பிட்டாரு" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

ஒருநாள் வீணாய்ப்போன சீட்டுகளின் பின்பக்கத்தில் நான் கிறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார்.

"இன்னா எழுதிகினு கீற? கணக்கா?"

"கதைண்ணா."

மற்றவர்களாக இருந்தால் சிரித்திருப்பார்கள். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சொல்லேன், கேப்போம்" என்றார்.

அவர் மூன்றாவது வரைதான் படித்தவர். பஸ் போர்டு படிப்பார். பெட்டிமேல் இருக்கும் எழுத்தையும் எண்ணையும் தப்பில்லாமல் சொல்வார். ஆனால் ஒரு பக்கம் அச்செழுத்தைக் கொடுத்தால் கண் இருட்டிக்கொண்டு வரும் என்பார். அதனால் நான் எழுதுவதை வாயால் சொல்லுவேன். வரிசை நகராத நேரங்களில் அவர் கேட்டுக்கொண்டு நிற்பார். தீர்ப்பும் சொல்வார். "நல்லாத்தான் கீது. ஆனா அந்தப் பொம்பள எதுக்கு அழுவுது? எனக்கு அழுவ வர்லியே." அப்படி அவர் சொன்ன இடங்களை வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், அங்கேதான் கதை பொய்யாக இருக்கும்.

ஆறு வருடம் பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். எதுவும் வரவில்லை. ஒருமுறை ஓர் ஆசிரியர் போனில் கூப்பிட்டார். மனசாட்சியுள்ள மனிதர். "எழுத்து சுத்தமா இருக்கும்மா. ஆனா உங்க கதையில யாரும் எதையும் இழக்குறதில்ல" என்றார். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. என்னோடு எழுத ஆரம்பித்த இரண்டு பேருக்குப் புத்தகம் வந்துவிட்டது. அவர்கள் போட்டோவை போனில் பார்த்தால் வாழ்த்துச் சொல்லிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமைகளில் திருவொற்றியூரில் வடிவுடையம்மன் சந்நிதிக்குப் போவேன். பக்கத்தில் நிற்பவர்கள் பிள்ளைக்கு வரன், புருஷனுக்கு வேலை, ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டும் என்று கேட்பார்கள். சிலர் வாய்விட்டே கேட்பார்கள். நான் கேட்டதை யாரிடமும் சொன்னதில்லை. என் கணவரிடம்கூட. "ஒரு கதை கொடு தாயே. ஒண்ணு போதும்." இவ்வளவு பேருக்கு நடுவில் இப்படி ஒன்றைக் கேட்கிறேனே என்று கூச்சமாக இருக்கும். ஆனாலும் கேட்பேன்.

கத்திரி வெயில் காலத்தில் ஒருநாள் காலை பத்து மணிக்கே சர்வர் நின்றுவிட்டது. சீட்டு அடிக்க முடியாது. டிரெய்லர்கள் எங்கள் கேட்டிலிருந்து பாலம் தாண்டி நின்றன. டிரைவர்கள் வண்டிக்கடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள். ரிஃபைனரிப் பக்கமிருந்து எண்ணெய் வாடை வந்துகொண்டிருந்தது. மதியம் இரண்டு மணி இருக்கும். என் ஜன்னலுக்குக் கீழே கொஞ்சம் நிழல் இருக்கும். அங்கே பழைய டயர்மேல் அவர் உட்கார்ந்திருந்தார். நானும் உள்ளே இருக்க முடியாமல் ஸ்டூலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பேச்சுக்குத்தான் கேட்டேன். "மீஞ்சூர் வழியா வந்த வண்டிக்காரங்க எல்லாம் கியூவுக்கு முன்னாடியே புகுந்துட்டாங்களாம். நீங்க ஏன்ணா அந்தப் பக்கமே வர்றதில்ல? எப்பவும் சுத்திக்கிட்டுதான் வர்றீங்க."

அவர் பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். துண்டால் துடைத்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், மார்கழி மாசம், விடியும் நேரம். பெட்டியை இறக்கிவிட்டுக் காலி வண்டியாக மீஞ்சூர் சாலையில் வந்துகொண்டிருந்தார். பனி. முன்னால் ஒரு சைக்கிள். கேரியரில் கீரைக் கட்டு. ஒதுங்கித்தான் போனார். ஆனால் வளைவில் பின்பக்கம் உரசிவிட்டது.

"ஒரு சத்தம் தங்கச்சி. தகர டப்பா உழுந்த மாதிரி. கண்ணாடில பாத்தேன். ரோடு ஃபுல்லா கீரை. அந்தாளு கீழ கெடந்தாரு. ஒரு கைய மட்டும் தூக்கினாரு. கூப்டாரா, திட்னாரா, தெர்ல. நான் நிக்கல. காலு பிரேக்குக்குப் போவல. போவவே இல்ல."

அதற்குப் பிறகு அந்த ஆள் என்ன ஆனார் என்று அவருக்குத் தெரியாது. விசாரிக்கப் பயம். அந்தச் சாலையில் வண்டியைத் திருப்பியதே இல்லை. அவர்கள் கத்தோலிக்கர்கள். ஞாயிற்றுக்கிழமை மனைவி, மகளோடு மாதா கோயிலுக்குப் போவார். ஆனால் பூசையில் ஃபாதர் கொடுக்கும் அப்பத்தை, அவர்கள் நன்மை என்பதை, வாங்க மாட்டார். பாவத்தோடு அதை வாங்கக் கூடாது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் செய்த பாவத்தை ஃபாதரிடம் சொல்லியாக வேண்டும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். நன்மை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது என்று அவர்களுக்கு ஒழுங்கு. பூசைக்கு மணி அடிக்கும்போது எதிர்க் கடையில் ஒரு டீ குடித்துவிடுவார். "மறந்து டீ குட்ச்சிட்டேன், நீ போய் வாங்கிக்க" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவார். ஒன்பது வருடமாக.

"ஃபாதராண்டயே சொல்லல. வூட்லயும் சொல்லல" என்றார்.

"எங்கிட்ட ஏன்ணா சொன்னீங்க?"

"நீ கேட்டியே."

அந்த நேரம் எனக்குள் நடந்ததை உள்ளபடி சொல்ல வேண்டும். முதலில் அவர்மேல் இரக்கம் வந்தது. அது பொய்யில்லை. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. ஆனால் அந்தத் தண்ணீர் காய்வதற்குள், அந்தத் தூக்கிய கையையும் அந்த டீயையும் நான் எடுத்துவைத்துக்கொண்டேன். சந்தையில் நல்ல மீனைப் பார்த்ததும் வேறு யாரும் கைவைப்பதற்குள் கூடையில் போட்டுக்கொள்வதுபோல. அந்த வெள்ளிக்கிழமை அம்மனுக்கு மாலை வாங்கிப் போனேன். கேட்டதைக் கொடுத்துவிட்டாள் என்று உண்மையாகவே நம்பினேன். கொடுத்தது யாருடையது என்று யோசிக்கவில்லை.

நான்கு விடியற்காலைகளில் எழுதி முடித்தேன். அதுவரை எந்தக் கதையும் எனக்கு அப்படி ஓடியதில்லை. எல்லாவற்றையும் மாற்றினேன். டிரெய்லரை உப்பு லாரி ஆக்கினேன். ஊரைத் தெற்கே கொண்டுபோனேன். கீரைக்காரரைப் பால்காரர் ஆக்கினேன். ஆனால் கையையும் டீயையும் மாற்றவில்லை. மாற்றிப் பார்த்தேன், கதை செத்துப்போனது. அதனால் திரும்பப் போட்டேன். முடிவு அவருக்கே தெரியாதது, எனவே நானே வைத்தேன். பால்காரர் அங்கேயே இறந்துபோகிறார். வயிற்றில் பிள்ளையோடு அவர் மனைவி ரோட்டோரம் உட்கார்ந்திருக்கிறாள்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. கதை ஏற்கப்பட்டது. அச்சானது. அந்த வருடத்துப் போட்டியில் பரிசும் கிடைத்தது. ஒரு ஹாலில் சால்வை போர்த்தினார்கள். போனில் பேசிய அந்த ஆசிரியர் மேடையில், "இந்தக் கதையில் இழப்பு இருக்கிறது" என்றார். நான் கைகூப்பிச் சிரித்தேன்.

அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் ஒரே பதிலை எனக்கே சொல்லிக்கொண்டேன். அவருக்குத்தான் படிக்க வராதே. இதை இன்று எழுதும்போது கை கூசுகிறது. ஒரு மனிதர் தம் குறை என்று வெட்கத்தோடு சொன்னதை நான் என் பூட்டாக வைத்துக்கொண்டேன்.

பரிசுச் செய்தி எப்படியோ யார்டு மேனேஜருக்குத் தெரிந்துவிட்டது. நல்ல மனசோடுதான் செய்தார். பத்திரிகையில் பத்துப் பிரதி வாங்கி, லட்டோடு கேட்டில் எல்லோருக்கும் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து ராயபுரத்து அண்ணனுடைய டிரெய்லர் வந்து நின்றது. இறங்கி வந்தார். விஷயம் கேட்டதும் முகமே மாறிவிட்டது. அவருக்கே பரிசு வந்ததுபோல.

"மெய்யாலுமா? என் தங்கச்சி பேரு புக்குல வந்துகீதா? எனக்கு ஒண்ணு குடு சார்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வூட்ல பொண்ணு சோக்கா படிக்கும். ஞாயித்துக்கெழம ஒக்காந்து படிச்சுக் காட்டச் சொல்றேன்."

என் பூட்டு அங்கேயே திறந்துவிட்டது. எனக்கு நேரம் இருந்தது. அவர் கையிலிருந்து அதை வாங்கியிருக்கலாம். தனியே கூப்பிட்டு, "அண்ணா, இது உங்க கதை" என்று சொல்லியிருக்கலாம். மேனேஜர் நின்றார், மற்ற டிரைவர்கள் நின்றார்கள், என் கையில் லட்டு இருந்தது. "மெதுவாப் படிக்கச் சொல்லுங்கண்ணா" என்று மட்டும் சொன்னேன். இந்தக் கதை முழுக்க நான் செய்ததில் எது மோசம் என்று கேட்டால், எழுதியதைச் சொல்ல மாட்டேன். அந்த வார்த்தையைத்தான் சொல்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பின்னால் அவர் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சாப்பாடு முடிந்தது. அவர் ஃபிரிட்ஜில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மகள் அப்போது பிளஸ் டூ. பள்ளியில் பேச்சுப் போட்டிக்கெல்லாம் போகிற பெண். ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். இரண்டாவது பக்கத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்து என்று சொல்லவில்லை. லாரி டிரைவர் பூசைக்கு முன்னால் டீ குடிக்கும் வரி வந்தபோது மனைவியின் கை துணியோடு நின்றுவிட்டது. அவர் மனைவியைப் பார்க்கவில்லை. மகளுக்கு எதுவும் தெரியாது. கடைசி வரை வாசித்தாள். பால்காரர் சாகும் இடத்தில் குரலைத் தாழ்த்தி வாசித்தாளாம். முடித்துவிட்டு, "சூப்பரா இருக்குப்பா. அழுகையே வந்துடுச்சு" என்றாள்.

அவர் எழுந்து சட்டையைக்கூடப் போடாமல் துறைமுகப் பக்கம் நடந்துவிட்டார். மனைவி பின்னாலேயே போனார்.

செவ்வாய்க்கிழமை அவர் வண்டி என் கேட்டுக்கு வந்தது. லைசென்ஸை நீட்டினார். என் முகத்தை நேராகப் பார்த்தார். கோபம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அந்தாளு செத்துட்டானா?"

எனக்குப் புரியவில்லை.

"நீ போய் விசாரிச்சியா? எப்பச் செத்தான்? அன்னிக்கேவா? அவன் சம்சாரம் முழுவாம இருந்துச்சுன்னு போட்டுக்கீறியே, கொழந்த இன்னா ஆச்சு?"

அச்சில் வந்ததால் அது நடந்தது என்று நம்பிவிட்டார். நான் எங்கோ போய்க் கேட்டு, தெரிந்துகொண்டுதான் எழுதியிருப்பேன் என்று. இரண்டு ராத்திரியாக அவர் தூங்கவில்லை.

"இல்லண்ணா. நான் யாரையும் கேக்கல. அது... முடிவு நானா எழுதினது. கற்பனை."

"நீயே கட்னதா?"

"ஆமாண்ணா."

"கட்டி வுட்டியா? ஒரு ஆளைச் சாவடிச்சிட்டு, கட்னதுன்றியா?" குரல் உயரவே இல்லை. "ஒம்போது வருசமா டெய்லி நான் வேண்டிக்கினது இன்னா தெரியுமா? அவன் மட்டும் செத்திருக்கக் கூடாது. அது ஒண்ணுதான். நீ நாலு பக்கத்துல சாவடிச்சிட்டியே தங்கச்சி."

பின்னால் ஹார்ன் அடித்தார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் எங்கள் யார்டுக்கு வரவில்லை. முதலாளியிடம் கேட்டு வேறு யார்டுக்கு மாறிக்கொண்டதாக மற்ற டிரைவர்கள் சொன்னார்கள்.

ஐந்து மாதம் இருக்கும். ஒரு பகல் நேரம் அவர் மனைவி ஷேர் ஆட்டோவில் வந்து எங்கள் கேட்டில் இறங்கினார். அதற்கு முன்னால் ஒரு கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. ஸ்டூலைப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"ஒன்ன திட்டத்தான் வந்தேன்" என்றார். "எங்கூடப் படுத்து எந்திரிக்கிற ஆளு, ஒம்போது வருசம் எங்கிட்ட சொல்லாதத ஒங்கிட்ட சொல்லிக்கீது. அது எனக்கு ஒரு வலி. நீ அத்த ஊருக்கே சொல்லிட்ட. என் பொண்ணு வாயால நான் அத்தக் கேட்டேன். அது இன்னொரு வலி."

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அழுதால் அதுவும் நாடகமாகிவிடும் என்று பயமாக இருந்தது.

பிறகு அண்ணியே சொன்னார். அந்த ஞாயிறு துறைமுகச் சுவர் ஓரத்தில் இருட்டும் வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்களாம். செவ்வாய்க்கிழமை என்னிடம் கேட்டுவிட்டு வந்தவர் மனைவியிடம், "அவளுக்கும் தெர்லயாம். நாமதான் போய் பாக்கணும்" என்றிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இரண்டு பேரும் பைக்கில் மீஞ்சூர் சாலைக்குப் போனார்கள். டீக்கடை, கீரைத் தோட்டம், சைக்கிள் கடை என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டார்கள். ஏழு ஞாயிறு. எட்டாவது ஞாயிறு ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

உயிரோடு இருக்கிறார். ஒரு கால் கட்டையாகிவிட்டது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். கீரைக் கட்டைச் சைக்கிளில் வைத்து மிதிக்க முடியாததால் வீட்டு வாசலில் ஒரு பெட்டிக்கடை போட்டிருக்கிறார். இவர் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். எதற்குக் கையைத் தூக்கினீர்கள் என்றும் கேட்டாராம்.

"உன் வண்டி லைட்டு வெளிச்சத்த மறைச்சு நம்பர் பாக்கலாம்னு தூக்கினேன். பனியில ஒண்ணும் தெரியல" என்றார் அந்த மனிதர்.

"கேஸ் குடுங்க, நான் வரேன்" என்று இவர் சொன்னதற்கு, "எனக்கு அலைய காலு இல்ல" என்றிருக்கிறார். மன்னிப்புக் கேட்டபோது அந்த மனிதர் சொன்னாராம்: "நீ தூங்கறதுக்கு வந்திருக்க. நல்லா தூங்கு. மன்னிக்கறதெல்லாம் எனக்கு வரல. இன்னொரு வாட்டி வராத."

அந்த மனிதரின் மனைவி மட்டும் இவர்களுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்.

அதற்கு அடுத்த வாரம் இவர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். "இப்ப நன்மை வாங்குது" என்றார் அண்ணி. "ஆனா வாங்கிட்டு வந்து அழுவுது. ஒண்ணும் சரியாவல. இருந்தாலும் முன்ன மாதிரி இல்ல." போகும்போது ஒரு நொடி என் தோளில் கை வைத்தார். அது எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை.

என் கணவரிடம் அன்றுதான் முழுவதையும் சொன்னேன். எண்ணூரில் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "பாரு, உன் கதையாலதானே அந்த மனுஷன் போய்ப் பாத்தாரு? நல்லதுதானே நடந்திருக்கு" என்றார். எனக்குப் பிடித்திருந்தது. ஒரு வாரம் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எழுத்து மனிதரை மாற்றும் என்றெல்லாம் ஒரு கூட்டத்தில் பேசக்கூடச் செய்தேன். பேசிவிட்டு வரும்போது பஸ்ஸில் உடம்பு கூசியது. அந்த நல்லதைச் செய்தவர்கள் இரண்டு பேர். பைக்கில் எட்டு ஞாயிறு போனவர்கள். நான் எழுதியது யாரும் எங்கும் போக வேண்டும் என்பதற்காக இல்லை. என் பெயர் அச்சில் வர வேண்டும் என்பதற்காக.

கோயிலுக்கு இப்போதும் போகிறேன். அவர்கள் கோயிலில் குற்றத்தைச் சொல்ல ஓர் இடமும் கேட்க ஓர் ஆளும் இருப்பது ஒன்பது வருடம் அவரைப் பயமுறுத்தியது. கடைசியில் அதுவே உதவியது. நான் சந்நிதியில் நின்று சொல்லிப் பார்த்தேன். கேட்டே பழகிய வாய்க்குச் சொல்ல வரவில்லை. பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். நகர்ந்துவிட்டேன்.

போன வருடம் ஒரு பதிப்பகம் என் கதைகளைப் புத்தகமாகப் போடக் கேட்டது. அந்தக் கதைதான் முதலில் வர வேண்டும் என்றார்கள். இந்த முறை கேட்காமல் செய்யக் கூடாது என்று ராயபுரத்துக்குப் போனேன். சனிக்கிழமை சாயந்திரம். அவர் வீட்டில்தான் இருந்தார். முடி நன்றாக நரைத்திருந்தது. "வா" என்றார். தங்கச்சி என்று சொல்லவில்லை. அண்ணி உள்ளேயிருந்து வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

அவர், "போடு" என்றார். "ஆனா அந்தாளு உயிரோட கீறான். அப்டின்னே எழுது. அவன் சம்சாரம் தண்ணி குடுத்துச்சு. அத்தையும் எழுது."

"சரிண்ணா" என்றேன். வாக்குக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். இரண்டு மாதம் எழுதினேன். லாரி டிரைவர் தேடிப் போகிறார், பால்காரர் உயிரோடு இருக்கிறார், மன்னிக்க மாட்டேன் என்கிறார். எழுத எழுத, கதை இரண்டாக உடைந்து நின்றது. பதிப்பாளர் இரண்டையும் வாசித்துவிட்டு, "பழைய முடிவுதாங்க அடிக்குது. இது விளக்கம் மாதிரி இருக்கு" என்றார். அவர் சொன்னது சரி. எனக்கும் தெரியும். அதுதான் கஷ்டம். நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். கதையையே எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். முதல் புத்தகம். நாற்பத்து நான்கு வயதில் முதல் புத்தகம். பழைய முடிவோடு வந்த புரூஃபில் சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

ஆசை பெரிய பாவங்களைச் செய்யச் சொல்லும் என்று நினைத்திருந்தேன். என்னிடம் அது பெரிதாக எதையும் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் வாயை மூடிக்கொண்டு இரு என்று மட்டும்தான் கேட்டது. நானும் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டேன்.

புத்தகம் வந்தது. நாலு பேர் பாராட்டினார்கள். ராயபுரத்துக்கு நான் பிரதி அனுப்பவில்லை. ஆனால் அவருடைய மகள் இப்போது கல்லூரியில் தமிழ் எம்.ஏ. படிக்கிறாள். நூலகத்தில் பார்த்திருக்கிறாள். வீட்டில் அவளிடமும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் அவளிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. முறைப்படி என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

"அத்தை, புக் படிச்சேன். ஏன் மாத்தல?"

அவ்வளவுதான். காலை பதினோரு மணி. ஜன்னலுக்கு வெளியே ஒரு டிரைவர் லைசென்ஸை நீட்டிக்கொண்டிருந்தார். அவரை அனுப்பிவிட்டு பதில் அடித்தேன். "பதிப்பாளர் பழையதையே கேட்டார், நேரம் இல்ல" என்று முதலில் அடித்தேன். அழித்தேன். "மாத்தினா கதை நல்லா வரல. நல்லா வரணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு. உங்க அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை விட்டுட்டேன். தப்பு என்னுது" என்று அனுப்பினேன்.

நான்கு நாள் எதுவும் வரவில்லை. ஐந்தாவது நாள் வந்தது. "அப்பாகிட்ட சொன்னேன். கதையா வராதுன்னா வுடு, நடந்தத நடந்த மாதிரி எழுதச் சொல்லுன்னாரு. பேரு மட்டும் யாரோடதும் போட வேணாமாம். அவளோடதையும் எழுதச் சொல்லுன்னாரு. அவளோடதுன்னா உங்களோடது அத்தை."

அதனால்தான் இதை எழுதினேன். இதில் கற்பனையாக நான் எதையும் வைக்கவில்லை. தெரியாத இடத்தில் தெரியாது என்றே விட்டிருக்கிறேன். பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால் இன்று காலை அவளுக்கு அனுப்பியிருக்கிறேன். அவள் அப்பா வேண்டாம் என்று சொன்னால் இது என் மேஜைக்குள்ளேயே இருக்கும் என்றும் எழுதியிருக்கிறேன். மத்தியானம் வரை பதில் வரவில்லை. வெளியே வரிசை நீண்டுவிட்டது. ஒன்பது வண்டி நிற்கிறது.